சும்மா உட்காருங்கப்பா!

உங்கள் வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் யாராவது இருக்கிறாரா? இருந்தால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். போன ஒரு மாதத்தில் அவரிடம் நீங்கள் அதிகமுறை சொன்ன வாக்கியம் எது?

நான் யோசித்துப் பார்த்தேன். 'நீங்க சும்மா உட்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்.' அதுதான்.

இதில் என்ன தப்பு என்பீர்கள். பாசத்தில் சொல்வதுதானே? ஆமாம், பாசம்தான். சில வருஷங்களுக்கு முன்னால் அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு எதுவும் முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு சரி. ஆனால் நாங்கள் பயந்துவிட்டோம். பயந்த வேகத்தில் ஒரே வாரத்தில் அவருடைய இலாகாக்கள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. பாங்க் பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் என் பீரோவுக்கு வந்தன. காய்கறிப் பை ஆணியிலேயே தொங்கியது. பஸ்ஸில் போகத் தடை. மாத்திரை டப்பா என் மனைவியின் வசம். கரண்ட் பில்லை நானே செல்போனில் கட்டிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர், காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சீரியல் என்று ஆனார். முதல் வாரம் சண்டை போட்டார். இரண்டாவது வாரம் முனகினார். மூன்றாவது வாரத்திலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை.

அடுத்த ஆறு மாதத்தில் அவருக்குப் பத்து வயது கூடிவிட்டது மாதிரி இருந்தது. 'வயசாகுதில்ல சார், அப்படித்தான் இருக்கும்' என்றார் டாக்டர். நானும் நம்பினேன்.

அப்புறம் ஒரு நாள் வேறு எதற்கோ தகவல் தேடப் போன இடத்தில், ஃப்ளாரன்ஸ் கிளார்க் என்ற அமெரிக்கப் பேராசிரியையின் ஆராய்ச்சி கண்ணில் பட்டது. படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து, அந்தப் பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

கிளார்க்கின் துறைக்குப் பெயர் ஆக்குபேஷனல் தெரபி. சுருக்கமாக ஓ.டி. இந்தச் சுருக்கமே பெரிய தலைவலி. கம்பெனிக்காரருக்கு ஓ.டி. என்றால் ஓவர்டைம். ஆஸ்பத்திரிக்காரருக்கு ஆபரேஷன் தியேட்டர். மூன்றாவதாக ஒரு ஓ.டி. இருப்பது யாருக்குமே தெரியாது. தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் ஏதோ ஃபாக்டரி விபத்து சமாசாரம் என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையில் அங்கே ஆக்குபேஷன் என்பது சம்பளம் வாங்குகிற உத்தியோகம் மட்டுமல்ல. ஒரு மனுஷனின் நாளை நிரப்புகிற அத்தனை காரியமும் அதில் அடக்கம். பல் தேய்ப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, தோசை வார்ப்பது, சீட்டுப் பணம் கட்டுவது, பேரனை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடுவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவது, எல்லாமே. மடங்காத முழங்கையை மடங்க வைப்பவர் பிசியோதெரபிஸ்ட் என்றால், அந்தக் கையால் நீங்கள் மறுபடி காபி ஆற்றும்படி செய்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். கை மடங்கவே மடங்காது என்று ஆகிவிட்டாலும், வேறு எப்படி ஆற்றலாம் என்று வழி கண்டுபிடித்துத் தருவார். கொஞ்சம் முரட்டுத்தனமான விளக்கம்தான். இப்போதைக்கு இது போதும்.

இந்தத் துறை பிறந்த கதையை சினிமாவாகவே எடுக்கலாம். ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன் என்று ஒரு அமெரிக்கர். கட்டடங்களுக்குப் படம் போடும் ஆர்க்கிடெக்ட். முதலில் காசநோய் வந்தது. பிறகு காலில் ஒரு ஆபரேஷன். அதற்கப்புறம் உடம்பின் இடது பக்கம் விளங்காமலே போய்விட்டது. நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்கிற சின்ன ஊருக்கு வைத்தியத்துக்காகப் போனார். தோட்டம் போட்டார், தச்சு வேலை செய்தார். மருந்து செய்ததைவிட மண்வெட்டியும் இழைப்புளியும் தனக்கு அதிகம் செய்ததாக நினைத்தார். 1914-ல் அதே ஊரில் 'கன்சோலேஷன் ஹவுஸ்', அதாவது ஆறுதல் இல்லம் என்று ஒன்றை ஆரம்பித்து, தன்னைப் போல நொடித்துப்போனவர்களுக்கு வேலையையே வைத்தியமாகக் கொடுக்க ஆரம்பித்தார்.

1917 மார்ச் மாதம் அந்த வீட்டில் ஆறு பேர் கூடினார்கள். வில்லியம் ரஷ் டண்டன் என்ற மனநல மருத்துவர், எலினார் கிளார்க் ஸ்லேகிள் என்ற சமூக சேவகி, கைத்தொழில் ஆசிரியை ஒருவர், இன்னொரு ஆர்க்கிடெக்ட், பார்ட்டன், பார்ட்டனின் செக்ரட்டரி. (அந்த செக்ரட்டரியையே பார்ட்டன் பின்னால் கல்யாணம் செய்துகொண்டார் என்பது கிளைக்கதை.) ஆறு பேர் சேர்ந்து ஒரு தேசிய சங்கம் ஆரம்பித்தார்கள். நேரம் பாருங்கள், மூன்றே வாரத்தில் அமெரிக்கா முதல் உலகப்போரில் குதித்தது. கையும் காலும் போய்த் திரும்பிய சிப்பாய்களுக்கு மறுபடி வாழக் கற்றுக்கொடுக்க ஆள் தேவைப்பட்டது. இளம் பெண்களை அவசரமாகப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். துறை நிலைபெற்றது.

நிலைபெற்றதே தவிர, மரியாதை வரவில்லை. ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு இருந்த பட்டப்பெயர், கூடை பின்னச் சொல்லித் தருகிறவர்கள். இரண்டாவது உலகப்போருக்கு அப்புறம் பென்சிலினும் புதுப்புது ஆபரேஷன்களுமாக மருத்துவம் எங்கோ போய்க்கொண்டிருந்தது. 'பாட்டிக்குப் பிடித்த வேலையைச் செய்ய வைத்தேன், தெளிவாகிவிட்டாள்' என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஓ.டி.க்காரர்களே வெட்கப்பட்டுக்கொண்டு, மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் என்று அளக்கிற பக்கம் ஒதுங்கினார்கள்.

1961-ல் மேரி ரெய்லி என்ற பேராசிரியை, தன் சொந்த சங்கத்தின் மேடையில் ஏறிச் சங்கடமான ஒரு கேள்வியைப் போட்டார். மருத்துவம் நம்மைத் தாங்கிப் பிடிக்கவும், சமூகம் நமக்குச் சம்பளம் கொடுக்கவும் நாம் அவ்வளவு அவசியமானவர்கள்தானா? அவருக்கு நம்பிக்கை இருந்தது. இந்த நூற்றாண்டு மருத்துவத்தின் பெரிய யோசனைகளில் இதுவும் ஒன்றாகலாம் என்றார். ஆனால் நம்பிக்கை வேறு, ஆதாரம் வேறு. ஆதாரம் வர இன்னும் முப்பத்தாறு வருஷம் ஆயிற்று.

அதற்குள் இன்னொரு பக்கம், முதுமையைப் பற்றிய ஆராய்ச்சி தனியாக வளர்ந்துகொண்டிருந்தது. அதையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம்.

கிளீவ்லாண்டில் சிட்னி காட்ஸ் என்ற டாக்டர் இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களை கவனித்துக்கொண்டிருந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவிட்டது தெரிகிறது. ஆள் தேறிவிட்டாரா இல்லையா என்பதை எதை வைத்துச் சொல்வது? காட்ஸும் அவருடைய சகாக்களும் 1963-ல் ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். ஆறே ஆறு காரியங்கள். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. இந்த ஆறில் எத்தனையைத் துணையில்லாமல் செய்கிறார்? மருத்துவத்தில் முதுமையை அளக்க இன்றைக்கும் உலகம் முழுக்க இது புழக்கத்தில் இருக்கிறது. காட்ஸ் இன்னொன்றையும் கவனித்தார். முடியாமல் போகும்போது முதலில் போவது குளியல், கடைசியில் போவது சாப்பாடு. தேறும்போது சாப்பாடு முதலில் திரும்புகிறது. குழந்தை வளரும்போது ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்கிற வரிசை அது!

1969-ல் ஃபிலடெல்பியாவிலிருந்து பவல் லாட்டன் என்ற உளவியலாளரும் எலைன் பிராடி என்ற சமூகப் பணியாளரும் அடுத்த படிக்குப் போனார்கள். ஒருவர் தானே குளித்து தானே சாப்பிட்டுவிட்டால் போதுமா? தனியாகக் குடித்தனம் நடத்த முடியுமா? அதற்கு எட்டுக் காரியங்களைப் பட்டியல் போட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியூர் வெளியிடம் போய் வருவது, வேளைக்கு மருந்து சாப்பிடுவது, பணத்தைக் கையாள்வது. இதில் ஒரு தமாஷ். அந்தக் காலத்தில் பெண்களுக்குத்தான் எட்டும். ஆண்களுக்கு மார்க் போடும்போது சமையல், வீட்டுவேலை, துவைப்பது மூன்றையும் விட்டுவிட்டு ஐந்தோடு நிறுத்தினார்கள். அமெரிக்காவானாலும் ஆம்பளை ஆம்பளைதான்!

இந்தப் பட்டியலைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் பி.காம். படித்தவன், விரல் தானாகவே எண்ண ஆரம்பித்தது. கடை, பயணம், மருந்து, பணம். ஆண்களுக்கான ஐந்தில் நான்கை ஒரே வாரத்தில் அப்பாவிடமிருந்து எடுத்திருக்கிறேன். மிச்சம் விட்டுவைத்தது போன் மட்டும். அவரால் முடியாமல் போனதால் அல்ல. முடியாமல் போய்விடுமோ என்று எனக்கு வந்த பயத்தால்.

சரி, கிளார்க்கிடம் வருவோம். லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் தெற்கு கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம்தான் அவருடைய களம். மேரி ரெய்லி பாடம் நடத்திய அதே இடம். அங்கே எலிசபெத் யெர்க்ஸா என்ற இன்னொரு பேராசிரியை, மனிதர்கள் தங்கள் நாளை எப்படி நிரப்பிக்கொள்கிறார்கள், அது அவர்களை என்ன செய்கிறது என்பதையே ஒரு தனி விஞ்ஞானமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லி, 1989-ல் அதற்கென்று பிஎச்.டி. படிப்பே ஆரம்பிக்கக் காரணமாக இருந்தார். உலகத்தில் அதுதான் முதல். சக பேராசிரியர்கள் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். காய் நறுக்குவதற்கும் கடைக்குப் போவதற்கும் டாக்டர் பட்டமா?

கிளார்க் அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல நினைத்தார். 1990-களில் அவருடைய குழு சோதனைக்கு எடுத்துக்கொண்டது நோயாளிகளை அல்ல. நன்றாக நடமாடிக்கொண்டிருந்த முதியவர்களை. லாஸ் ஏஞ்சலிஸில் அரசு மானியத்தில் குறைந்த வாடகைக்கு முதியவர்களுக்கென்று நடத்தப்படும் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள். அறுபது வயதும் அதற்கு மேலும். வசதி குறைந்தவர்கள். பல இனத்தவர்கள். சீன மொழி மட்டுமே பேசுகிறவர்களும் இருந்தார்கள். மொத்தம் 361 பேர் சம்மதித்தார்கள். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள்.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் கிளார்க்கின் கெட்டிக்காரத்தனம் முழுக்க இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதல் குழுவுக்கு ஆக்குபேஷனல் தெரபி. மூன்றாவது குழுவுக்கு ஒன்றுமில்லை, அவர்கள் பாட்டுக்கு இருப்பார்கள். சாதாரணமாக யாரும் இந்த இரண்டோடு நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அப்போது ஒருவர் கேட்கலாமில்லையா? 'அம்மா, தனியாகக் கிடக்கிற கிழவர்களை வாராவாரம் கூட்டி வைத்து நாலு பேர் சிரித்துப் பேசினால் யாராக இருந்தாலும் கொஞ்சம் தெளிவாகத்தான் ஆவார்கள். இதற்கு எதற்கு எம்.எஸ்ஸும் பிஎச்.டி.யும்?' நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இரண்டாவது குழு. அவர்களுக்கும் வாராவாரம் கூட்டம் உண்டு. சினிமா போட்டார்கள், விளையாட வைத்தார்கள், கைவேலை செய்ய வைத்தார்கள், வெளியே சுற்றுலா அழைத்துப்போனார்கள், டான்ஸுக்குக்கூடக் கூட்டிப்போனார்கள். நடத்தியவர்கள் தெரபிஸ்ட்டுகள் அல்ல, சாதாரண ஆட்கள். நம்மூர் முதியோர் இல்லங்களிலும் சீனியர் சிட்டிசன் கிளப்களிலும் என்ன செய்கிறோமோ, ஏறக்குறைய அதேதான்.

ஆபத்தான பந்தயம் இது. இரண்டாவது குழுவும் முதல் குழுவுக்குச் சமமாகத் தேறிவிட்டால், எண்பது வருஷத்துத் துறை பல்லிளித்துவிடும். அதுவும் அரசாங்கத்தின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்து நடத்துகிற சோதனை. 'எங்களுக்கும் கேரம் போர்டுக்கும் வித்தியாசமில்லை' என்ற முடிவைத் தங்கள் கையாலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்பது மாதம் நடந்தது. முதல் குழுவில் வாரம் இரண்டு மணி நேரம், பத்துப் பேர் வரை சேர்ந்து ஒரு தெரபிஸ்ட்டோடு உட்கார்ந்தார்கள். அது போக ஒவ்வொருவருக்கும் தனியாக மொத்தம் ஒன்பது மணி நேரம். அங்கே கூடை பின்னவில்லை. அவரவர் நாளை அவரவரே பிரித்துப் பார்த்தார்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்கிறேன்? அதில் எனக்குப் பிடித்தது எது? எதை விட்டுவிட்டேன், ஏன் விட்டுவிட்டேன்? பயத்தாலா, காசு இல்லாததாலா, பாஷை தெரியாததாலா, கூட வர ஆள் இல்லாததாலா? போக்குவரத்து, பாதுகாப்பு, உறவுகள், பணம் என்று ஒவ்வொரு தலைப்பாக எடுத்தார்கள்.

உதாரணத்துக்கு ஒரு பாட்டி. வாராவாரம் போய்க்கொண்டிருந்த சர்ச்சுக்குப் போவதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'போங்க பாட்டி, நல்லது' என்று உபதேசம் செய்தால் போவாரா? எந்த பஸ், எங்கே ஏறணும், படி எவ்வளவு உயரம், கூட்டமில்லாத நேரம் எது, டிக்கெட் எவ்வளவு, வழியில் முட்டி வலித்தால் எங்கே உட்காரலாம் என்று ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். அப்புறம் நிஜமாகவே பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். அதைச் செய்தார்கள். எதைச் செய்வது என்று முடிவு எடுத்தது பாட்டி. எப்படிச் செய்வது என்பதற்குத் துணை நின்றது தெரபிஸ்ட்.

1997 அக்டோபரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையான 'ஜாமா'வில் முடிவு வெளியானது. உடல்நலத்தையும் மனநலத்தையும் எட்டுத் தலைப்புகளில் அளக்கிற ஒரு கேள்வித்தாள் உண்டு. அதில் ஏழு தலைப்புகளில் முதல் குழு மற்றவர்களை முந்தியது. வலி, நடமாட்டம், தெம்பு, மனநிலை, பழகுவது என்று ஏழு. வாழ்க்கையில் திருப்தி இருக்கிறதா என்று கேட்ட வேறொரு கேள்வித்தாளிலும் முந்தினார்கள்.

இரண்டாவது குழு? சினிமா, டான்ஸ், சுற்றுலா போன குழு? அவர்களுக்கும், ஒன்றுமே கிடைக்காத மூன்றாவது குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டையும் சேர்த்து ஒரே குழுவாக வைத்துக் கணக்குப் போடும் அளவுக்கு!

இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அப்பாவுக்குப் பொழுது போகவில்லை என்று அப்போதுதான் நாற்பத்து மூன்று இஞ்ச் டி.வி. ஒன்று வாங்கி மாட்டியிருந்தேன்.

அதற்காக ஏதோ மந்திரம் நடந்துவிட்டதாகவும் நினைத்துவிடாதீர்கள். முதல் குழுவினர் துள்ளிக் குதித்து வாலிபர்களாகிவிடவில்லை. ஒன்பது மாதத்தில் மற்ற இரண்டு குழுக்களும் பொதுவாகக் கீழே சறுக்கின. முதல் குழு அப்படிச் சறுக்கவில்லை, பல விஷயங்களில் மேலேயும் வந்தது. சோதனை முடிந்து ஆறு மாதம் கழித்து, தெரபிஸ்ட்டுகள் எல்லோரும் விலகிப்போன பிறகு, மறுபடி அளந்தார்கள். கிடைத்த லாபத்தில் சுமார் 90 சதவிகிதம் அப்படியே இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்த எண் இதுதான். வாத்தியார் போன பிறகும் பாடம் நிற்கிறது.

காசு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் என் பட்டத்துக்கே அவமானம். குழுவில் ஜோயல் ஹே என்ற பொருளாதார நிபுணர் இருந்தார். 2002-ல் அவர் கணக்கைப் போட்டு வெளியிட்டார்கள். ஒன்பது மாத சிகிச்சைக்கு ஆளுக்குச் சராசரியாக 548 டாலர் ஆனது. சரி, அதற்குப் பிந்தைய காலத்தில் இவர்களுக்கு ஆன மருத்துவச் செலவு? முதல் குழுவுக்கு ஆளுக்கு 967 டாலர். சினிமா குழுவுக்கு 1,726. ஒன்றுமில்லாத குழுவுக்கு 3,334. மருத்துவச் செலவு என்பது ஆளுக்கு ஆள் பயங்கரமாக ஏறி இறங்கும், ஒரே ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட சராசரி எகிறிவிடும். அதனால் இந்த எண்களைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனாலும் எந்த ஆடிட்டரும் புருவத்தைத் தூக்குவார்.

துரதிர்ஷ்டம் என்னவென்றால், இந்த வெற்றி வந்த அதே 1997-ல்தான் அமெரிக்க அரசாங்கம் செலவைக் குறைக்கிறேன் என்று சட்டம் போட்டது. முதியவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டில், வெளிநோயாளியாக ஆக்குபேஷனல் தெரபி பெறுவதற்கு ஆளுக்கு வருஷத்துக்கு 1,500 டாலர்தான் என்று உச்சவரம்பு வந்தது. தெரபிஸ்ட்டுகள் பலருக்கு வேலை போனது. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று. காப்பீடு என்பது விழுந்து எலும்பு முறிந்த பாட்டிக்குத்தான் காசு கொடுக்கும். நன்றாக இருக்கிற பாட்டி நன்றாகவே இருப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? கிளார்க் நிரூபித்தது சரக்கு நல்ல சரக்கு என்பதை. வாங்குகிறவர் யார் என்பதை அவரால் தீர்க்க முடியவில்லை.

அவர் விடவில்லை. இரண்டாவது சோதனையில் 60 முதல் 95 வயது வரை 460 பேர். இந்தமுறை இரண்டு கட்டடங்கள் இல்லை, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரம் முழுக்க 21 இடங்கள். காலமும் ஆறு மாதம்தான். முடிவு 2012-ல் அச்சானது. வலி, தெம்பு, மனநிலை, வாழ்க்கைத் திருப்தி, மனச்சோர்வு இவற்றில் பலன் மறுபடி தெரிந்தது. ஆனால் முதல் சோதனையை விடச் சின்னதாக. உடம்பின் செயல்திறனில் வித்தியாசம் தெரியவில்லை. இதையும் மறைக்காமல் எழுதினார்கள். 2010 முதல் 2013 வரை கிளார்க் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

இங்கிலாந்தில் அவருக்கு நல்ல வரவேற்பு. எந்த சிகிச்சைக்கு அரசு மருத்துவத் துறை காசு செலவழிக்கலாம் என்று ஆலோசனை சொல்கிற 'நைஸ்' அமைப்பு, 2008-லேயே முதியவர்களின் மனநலத்துக்கு ஆக்குபேஷனல் தெரபியைப் பரிந்துரைத்தது. லாஸ் ஏஞ்சலிஸ் சோதனை அதற்கு முக்கியமான ஆதாரம். ஆங்கிலேயர்கள் தங்கள் ஊருக்கேற்ப மாற்றி 'லைஃப்ஸ்டைல் மேட்டர்ஸ்' என்று ஒரு திட்டம் தயாரித்து, ஷெஃபீல்டிலும் வேல்ஸ் பகுதியில் பாங்கரிலும் 65 வயதுக்கு மேற்பட்ட 288 பேரிடம் சோதித்தார்கள். 2017-ல் முடிவு வந்தது.

பலன் இல்லை. முக்கியமாக அளக்க நினைத்த மனநல மதிப்பெண்ணில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

கிளார்க் தோற்றுவிட்டாரா? அவசரப்படாதீர்கள். அந்த 288 பேரின் ஆரம்ப மதிப்பெண்ணைப் பார்த்தால், வரும்போதே தெளிவான மனநிலையில்தான் வந்திருக்கிறார்கள். நூற்றுக்கு எண்பது வாங்குகிறவனுக்கு டியூஷன் வைத்து என்ன பயன்? சுருண்டு கிடக்கிறவர்தான் வர வேண்டும். ஆனால் சுருண்டு கிடக்கிறவர், நோட்டீஸைப் பார்த்து, போன் செய்து, பெயர் கொடுத்து, வாராவாரம் கிளம்பி வருவாரா? அப்படி வருகிறவர் சுருண்டு கிடப்பவரா? எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. என் அப்பாவை அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால், 'எனக்கென்ன வியாதியா?' என்றுதான் கேட்டிருப்பார்.

நம் நாட்டுக்கு இந்தத் துறை புதுசு ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு பம்பாய்க்கு வந்த கமலா நிம்ப்கர், 1950-ல் அங்கே கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பள்ளியை ஆரம்பித்தார். 1952-ல் உலக சம்மேளனம் உருவானபோது ஆரம்பித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் உங்கள் தெருவில் பிசியோதெரபி போர்டு நாலு இருக்கும், ஓ.டி. போர்டு ஒன்று இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் பெரும்பாலும் குழந்தைகளுக்குத்தான். 2011 சென்சஸ்படி தமிழ்நாட்டில் நூற்றில் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். இன்றைக்கு அது இன்னும் கூடியிருக்கும். அவர்களில் எத்தனை பேரிடம் பாஸ்புக் இருக்கிறது, எத்தனை பேருடையது மகனின் பீரோவில் இருக்கிறது என்று எந்த சென்சஸும் கேட்பதில்லை.

நான் திருப்பிக் கொடுத்தேன். பெரிய வசனமெல்லாம் பேசவில்லை. 'அப்பா, என்ட்ரி போட்டு ஆறு மாசம் ஆச்சு, கொஞ்சம் போட்டுட்டு வந்துடறீங்களா?' என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நம்பவில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் எழுந்து போய் வேட்டியை மாற்றினார். பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி வைக்க ஆள் வந்திருந்த நாள் அது. அதைத்தான் அவர் விழுந்த மறுநாளே செய்திருக்க வேண்டும்.

பாங்க் நடந்து போனால் எட்டு நிமிஷம். இரண்டு மணி நேரம் ஆகியும் ஆளைக் காணோம். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். என் மனைவி மூன்று தடவை வாசலுக்குப் போய்ப் பார்த்தாள். என்னை ஒரு முறை முறைத்தாள். நான் செருப்பை மாட்டும்போது கேட் திறக்கிற சத்தம்.

"எங்கப்பா போனீங்க? எவ்வளவு நேரம்!"

"மெஷின் ரிப்பேர்னு சொன்னான். உட்காருங்க பெரியவரேன்னான். நான் எதுக்குடா உட்காரணும், நின்னுதான் வாங்கிட்டு வந்தேன்" என்றார். முகம் வியர்த்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பாஸ்புக்கைப் பிரித்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன பதினேழு ரூபா எழுபது காசு? மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்திருக்கான். இத்தனை நாளா நீ பாக்கவே இல்லையா?"

எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கான சார்ஜ், எல்லோருக்கும் பிடிப்பதுதான் என்றேன்.

"யாரைக் கேட்டுப் பிடிக்கறான்? திங்கக்கிழமை மேனேஜரைப் பாக்கணும்" என்றவர், உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "அம்மாடி, பழைய பாஸ்புக் ரெண்டும் பரண்ல இருக்கும். அந்த மஞ்சப் பையையும் எடுத்து வெச்சுடு."